மற்றும் ஒருவர்

இந்தத் தொடரைப் படித்துவருகிறவர்கள் என்னை நல்ல மனிதன் என்று நம்பத் தொடங்கியிருப்பதாகத் தெரிகிறது. சென்ற வாரம், புயல் மழையில் பள்ளி நூலகத்துப் புத்தகங்களைத் தலையில் சுமந்து காப்பாற்றியதை எழுதியிருந்தேன். பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்துத் தழுதழுத்தார். எண்பதைத் தாண்டியவன் தன் கதையைத் தானே எழுதினால் இப்படித்தான் ஆகும். எதைச் சொல்வது, எதை விடுவது என்று முடிவு செய்பவனும் அவனே.

விடுவதில் எனக்குப் பழைய அனுபவம் உண்டு. இந்த வாரம் அதைப் பற்றித்தான்.

போர் வைத்துவிட்டுப் போன குண்டில் செத்த ஒரு பெண்ணின் பெயர் எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னேன். அதனால் நினைவுக் கல்லில் அவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘மற்றும் ஒருவர்’ என்று வெட்டினார்கள். அந்தக் கல்லில் மீதி இருந்த இடத்தை நான் எழுதிய வெண்பா எடுத்துக்கொண்டது.

விஷயம் இவ்வளவுதான். ஆனால் வாரப் பத்திரிகையில் நாலு வரிக்கு இடம் ஒதுக்க மாட்டார்கள்.

பாட்டு செத்துச்சா?

மதிய இடைவேளை. ஆசிரியர் அறையில் பெரிய தாளை விரித்து, கல்லுக்கான மாதிரியை அளவுகோலால் கோடு போட்டு வரைந்துகொண்டிருந்தேன். நாற்பது ஆண்டுகள் இருக்கும். திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் தமிழாசிரியராக இருந்த காலம்.

வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். கூடையை வெளியே இறக்கி வைத்திருந்தாலும் சும்மாடு தலையிலேயே இருந்தது. கருவாட்டு வாசனை அவருக்கு முன்பே உள்ளே வந்துவிட்டது. கணக்கு ஆசிரியர் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார்.

“நீதான் கல்லுல பேரு எய்தற வாத்யாரா?”

“ஆமாம்மா. என்ன வேணும்?”

“குப்பத்துல குண்டு வெடிச்சிதே, அதுல எங்கம்மாவும் பூட்டா. அவ பேர எய்தணும்.”

அவர் பெயர் சரோஜா. காலடிப்பேட்டையில் பெரியம்மாவோடு இருந்தார். அம்மா இறந்தபோது அவருக்கு நான்கு வயது, பெரியம்மாதான் வளர்த்தார். கல் வைக்கிறார்கள் என்ற செய்தி மீன் சந்தை வழியாக அவருக்குப் போயிருந்தது.

“அம்மா பேர் என்ன?”

“போதும்பொண்ணு.”

கணக்கு ஆசிரியர் சிரித்துவிட்டு, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

எங்கள் வடக்குப் பக்கத்தில் இது புதிதல்ல. வரிசையாகப் பெண் பிறந்துகொண்டே இருந்தால், அடுத்து வருவதற்கு இப்படிப் பெயர் வைப்பார்கள். சாமிக்கு மனு எழுதிப் போடுவது போல. மனு யாருக்கோ, அதைச் சுமந்துகொண்டு வாழ்நாளெல்லாம் நடப்பது அந்தப் பெண்.

பெயரைத் தாளின் ஓரத்தில் எழுதிப் பார்த்தேன். கல்லின் தலைப்பு, இரண்டு பத்திகளில் பெயர்கள், அடியில் என் வெண்பா, அதற்குக் கீழே என் பெயரும் பட்டமும். இதற்குள் ‘போதும்பொண்ணு’. திறப்பு விழாவுக்கு அமைச்சர் வருவதாக இருந்தது. ஒவ்வொரு பெயராக அவர் ஒலிபெருக்கியில் வாசிப்பார். இந்தப் பெயர் வரும்போது கூட்டம் சிரிக்கும். சிரித்த வாயோடு அமைச்சர் என் வெண்பாவுக்கு வருவார்.

“இடமில்லையேம்மா” என்றேன்.

“எம்மாம் பெரிய கல்லு! ஒரு பேருக்கு எடம் இல்லியா?”

அவர் மேசைமேல் குனிந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எங்கே எழுத்து அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தது. அடியிலிருந்த வரிகளில் விரலை வைத்தார்.

“தோ, இத்தினி பேரு யாரு?”

“அது பேர் இல்லம்மா. பாட்டு.”

“பாட்டா? பாட்டு இன்னா குண்டுல செத்துச்சா?”

கணக்கு ஆசிரியர் இம்முறை சிரிப்பை மறைக்கவில்லை.

“பார்க்கலாம்மா” என்று சொல்லி அனுப்பினேன். அவர் விரல் பட்ட இடத்தில் எண்ணெய்க் கறை படிந்திருந்தது. வேறு தாள் எடுத்து மறுபடியும் வரைந்தேன்.

கடல் கொடுத்த பங்கு

எந்தக் குண்டு என்று சொல்லவில்லையே.

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் வழியில் இருக்கிறது கல்மேட்டுக் குப்பம். இன்று அந்தச் சாலையில் போகிறவர்களுக்குக் கன்டெய்னர் லாரிகள் தெரியும். இரண்டு லாரிக்கு நடுவில் சந்து கிடைத்தால் கடல் தெரியும். அன்று கடல் மட்டும்தான்.

குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடல் கரையில் ஒதுக்கும் எதுவும் தனி ஆளுக்குச் சொந்தமில்லை. மரக்கட்டையோ, பீப்பாயோ, கப்பலில் இருந்து விழுந்த பெட்டியோ, ஊர் கூடி இழுக்க வேண்டும், ஊர் கூடிப் பங்கு போட வேண்டும். முதலில் பார்த்தவனுக்குக் கொஞ்சம் கூடுதல். பங்கு போடுமுன் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைக்க வேண்டும். கொடுத்தவள் கடலம்மா. நன்றி சொல்லாமல் எடுத்தால் அடுத்த முறை எடுத்துக்கொள்வாள்.

உலகப் போர் முடிந்து ஓரிரு வருஷத்தில், கப்பல்களுக்கு வைத்த கண்ணிவெடி ஒன்று கட்டறுந்து மிதந்து வந்தது. பெரிய இரும்பு உருண்டை. சுற்றிலும் கொம்பு கொம்பாக நீட்டிக்கொண்டிருந்தது. துறைமுகத்து மிதவை என்று நினைத்தார்கள். உள்ளே பித்தளை இருக்கும் என்று ஒருவர் சொன்னார். கயிறு கட்டிக் கரையேற்றினார்கள்.

அன்று உயிர் தப்பியவர்களில் மாசிலாமணி என்பவரை நான் பார்த்துப் பேசியிருக்கிறேன். கல்லுக்கு விவரம் சேகரிக்கப் போனபோது அவருக்கு எழுபது வயது. குப்பத்தில் அவரைக் கற்பூரத் தாத்தா என்றுதான் கூப்பிட்டார்கள்.

“எல்லாரும் ஐலசா போட்டு இஸ்துகினு வந்து போட்டோம் சார். தேங்கா கீது, கற்பூரம் இல்ல. என்ன ஓடுறா மாசின்னாங்க. கடைக்கு ஓடினேன். அதுக்குள்ள இவனுங்களுக்கு அவசரம். தேங்கா உடைக்க வாகா ஒரு கொம்பு நீட்டிக்கினு இருந்திச்சு. அது மேலயே அடிச்சிட்டானுங்க.”

இன்னும் கோபம் தீராதவராகச் சொன்னார்: “நீயே சொல்லு சார், கற்பூரம் கொளுத்தாம எவனாச்சும் தேங்கா உடைப்பானா?”

ஐந்து ஆண்கள் அந்த இடத்திலேயே போனார்கள். கூடவே ஆப்பம் விற்க வந்த பெண். கரையில் கூட்டம் கூடினால் வியாபாரம் நன்றாக இருக்கும் என்று கூடையோடு வந்திருந்தார். காலடிப்பேட்டைக்காரர். குப்பத்தில் எல்லாரும் அவரிடம் ஆப்பம் வாங்கித் தின்றிருக்கிறார்கள். பெயர் கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. “ஆப்பக்காரி” என்றார்கள்.

போரைத் தொடங்கியவர்கள் யாரும் கல்மேட்டுக் குப்பத்தைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். குப்பத்தாருக்கும் யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று சரியாகத் தெரியாது. இருந்தும் இரு தரப்பும் ஒரு தேங்காயில் சந்தித்துக்கொண்டன.

என் வெண்பாவில் இது எதுவும் இல்லை. அதில் தாய்மண்ணைக் காக்க மார்பில் குண்டேந்தியதாக எழுதியிருந்தேன். அதை இங்கே எடுத்து எழுத மாட்டேன். கல்லில் எழுதியதே போதும்.

யாரும் வாசிக்காத விழா

நினைவுக் கல் எழுப்பிய காரணம் படைவீரர்கள். குப்பத்திலிருந்து பட்டாளத்துக்குப் போன இருவர் திரும்பவில்லை. ஒருவர் பர்மா முனையில், மற்றவர் பிற்காலத்தில் மேற்கு எல்லையில். அவர்களுக்குக் கல் வைப்பது என்று முடிவானபோது, “அப்ப எங்க நைனாவும் போர்லதான செத்தாரு?” என்று கண்ணிவெடிக் குடும்பங்கள் கேட்டன. நியாயம்தானே. இடது பக்கம் படைவீரர், வலது பக்கம் பொதுமக்கள் என்று ஆயிற்று. ஊரில் படித்த ஆள் என்பதால் வாசகம் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது.

கமிட்டிக் கூட்டத்தில் குப்பத்துத் தலைவர் கன்னியப்பன் கேட்டார்: “சார், ஆப்பக்காரி பேரு எதனா கெடச்சுதா?”

“விசாரிச்சேன். சரியாத் தெரியல” என்றேன்.

“ஆப்பக்காரின்னே போட்டுடலாமா?”

“நினைவுச் சின்னத்துல அப்படிப் போடக் கூடாது. மற்றும் ஒருவர்னு போடலாம். அதுதான் முறை.”

முறை என்றதும் எல்லாரும் தலையாட்டினார்கள். படித்தவன் பொய் சொல்வதற்கு அந்த ஒரு சொல் போதும்.

திறப்பு விழாவுக்கு அமைச்சர் வரவில்லை. அவருக்குப் பதிலாக வந்தவருக்கு வண்ணாரப்பேட்டையில் இன்னொரு விழா இருந்தது. துணியை இழுத்தார். அது கல்லின் முனையில் மாட்டிக்கொண்டது. இரண்டு பேர் ஏறி எடுத்துவிட்டார்கள். கைதட்டல் ஓயுமுன் கார் கிளம்பிவிட்டது. எந்தப் பெயரையும் யாரும் வாசிக்கவில்லை. என் வெண்பாவையும்தான்.

வாசித்தவர் ஒருவர் உண்டு. சரோஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு, வெள்ளைச் சேலையில் ஒரு வயதான அம்மாள் வந்திருந்தார். பெரியம்மா. மிஷன் பள்ளியில் கொஞ்சம் படித்தவராம். கையில் மல்லிகைப் பூ. கூட்டம் கலைந்ததும் கல்லருகே போய், ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். கீழே வரை வந்தார். மறுபடி மேலே போனார். வெண்பாவையும் படித்தார். பிறகு திரும்பி நடந்தார். பூ கையிலேயே இருந்தது.

நான் மேடையில், கழுத்தில் மாலையோடு இருந்தேன்.

பொன்னாடை

அதற்குப் பின் பல ஆண்டுகள் என்னைக் ‘கல்வெட்டுக் கவிஞர்’ என்று அறிமுகம் செய்தார்கள். ராயபுரத்தில் ஒரு பட்டிமன்றத்தில்கூட அப்படிச் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. அந்தக் கல்லில் இருந்த பெயர்களில் உயிரோடு இருந்தவன் நான் ஒருவன்தான். அது எனக்கு விசித்திரமாகப் படவில்லை.

சில வருடங்களுக்கு முன் சாலையை அகலப்படுத்தினார்கள். கல்லைக் கொஞ்சம் உள்ளே நகர்த்தி வைத்தார்கள். கன்னியப்பனின் மகன் ஏழுமலை இப்போது தலைவர். “புது எடத்துல வெச்சிட்டோம் சார். ஒரு பொன்னாட போத்தணும், வாங்க” என்றார். போனேன். பொன்னாடைக்குப் போகாதவன் வாத்தியாரா?

கல்லைக் கிட்டத்தில் பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது. உப்புக் காற்றில் வர்ணமெல்லாம் உதிர்ந்து, என் வெண்பாவை நானே தடவித்தான் படிக்க வேண்டியிருந்தது. படைவீரர் பக்கம் பழைய மாலை. பொதுமக்கள் பக்கத்தில் கடைசி வரி மட்டும் பளிச்சென்று இருந்தது. ‘மற்றும் ஒருவர்’ மேல் மஞ்சளும் குங்குமமும் அப்பியிருந்தன. அடியில் பூ, எரிந்த கற்பூரக் கரி, இரண்டு வாழைப்பழம்.

மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒரு பெண் கும்பிட்டுக்கொண்டிருந்தார். தனம் என்று பெயர்.

“இது யாருக்கும்மா?” என்று கேட்டேன்.

“எங்க வூட்டுக்காரருக்கு சார். கடலுக்குப் போனவரு வர்ல. பாடியும் கெடக்கல. எங்க போயி கும்புடுறது? தோ, மற்றும் ஒருவர்னு போட்டு கீதே, அது அவருதான்னு வெச்சிகினேன்.”

பின்னால் வந்தவர் சொன்னார்: “எனக்கு எங்க அண்ணன். ஹார்பர்ல லோடு விழுந்து பூடுச்சு. அங்க வேல செஞ்ச ஆளே இல்லன்னுட்டானுங்க.”

“செல்விக்கா அவ புள்ளைக்கு வெக்குது.”

“எல்லாருக்கும் அந்த ஒரு ஒருவர்தான் சார். வெள்ளிக்கெழமன்னா எடமே கெடக்காது” என்று தனம் சிரித்தார்.

அந்தக் கணத்தில் எனக்குள் முதலில் வந்தது என்ன தெரியுமா? பெருமை. நான் எழுதிய இரண்டு சொல் இத்தனை பேருக்கு உதவுகிறதே என்று. வெட்கம் அதற்குப் பின்னால்தான் மெல்ல நடந்து வந்தது. அதற்குள் என் தோளில் பொன்னாடை போர்த்திவிட்டார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை. கடலில் காணாமல்போனவருக்குப் பெயர் உண்டு. தனத்துக்கு அது தெரியும். கணக்கு ஆசிரியரும் போய்விட்ட பிறகு, இந்த ஒருவரின் பெயர் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர். ஒருவர் சரோஜா, இருக்கிறாரா என்று தெரியாது. இன்னொருவன் நான். எனக்கும் அதிக நாள் இல்லை.

மணலி புதுநகர்

சரோஜாவைத் தேடிக் கண்டுபிடிக்கச் சிரமமாகவே இருந்தது. காலடிப்பேட்டை வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டியிருந்தார்கள். கருவாடு விற்கும் பெண்கள் ஒருவரை ஒருவர் மறப்பதில்லை என்பதால் விலாசம் கிடைத்தது. மணலி புதுநகரில் மகன் வீட்டில் இருந்தார்.

கதவைத் திறந்து ஏற இறங்கப் பார்த்தார். என் வயதுதான். கண் கூர்மை குறையவில்லை.

“யாரு?”

“நான்... ஸ்கூல் வாத்தியார். கல்மேட்டுக் குப்பத்துல அந்தக் கல்லு...”

“பாட்டு வாத்யாரா?”

என் வெண்பாவை நினைவில் வைத்திருந்த ஒரே ஆள்.

“நீ இன்னும் கீறியா?”

“இருக்கேம்மா.”

“சரி, குந்து. கரண்ட் இல்ல, விசிறிக்கோ.” ஒரு அட்டையை நீட்டினார்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. “அன்னிக்கு இடமில்லைன்னு சொன்னது பொய்ம்மா. கமிட்டியில பேரே தெரியாதுன்னு சொல்லிட்டேன்” என்றேன்.

“தெரியும்.”

“எப்படி?”

“உங்கையில நான் பேரு சொல்லி கீறேன். அப்பால கல்லுல பேரு இல்லன்னா இன்னா அர்த்தம்? இத்த சொல்லவா பஸ்ஸேறி வந்த?”

நான் அட்டையால் விசிறிக்கொண்டேன்.

“கல்லு எனக்கு இன்னாத்துக்கு வாத்யாரே? எங்கம்மா மூஞ்சியே எனக்கு நெனப்பு இல்ல. பெரியம்மாவுக்காகத்தான் வந்து கேட்டேன்.”

அக்கா தங்கை இருவருக்கும் சேர்த்து ஒரே ஆப்பக் கூடை. ஒரு நாள் ஒருத்தி, மறுநாள் இன்னொருத்தி. அன்று அக்காவின் முறை. தலைவலி என்று படுத்துவிட்டார். தங்கை கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

“என் மொறடி அன்னிக்கு, என் மொறடி அன்னிக்குன்னு சொல்லிக்கினே கெடந்துச்சு. தலவலி கூட இல்லியாம், சும்மா சோம்பலாம். அத்த எங்கிட்ட மட்டும் சொல்லுச்சு. கல்லு வெக்கறாங்கன்னதும், அவ பேருக்கு முன்னால ஒரு பூவு வெச்சி மன்னிப்பு கேட்டுக்கறேன்டி, அப்பால நான் நிம்மதியா பூடுவேன்னுச்சு. வந்துச்சு, பார்த்துச்சு, பூவ திருப்பி எட்த்துகினு வந்துச்சு. அடுத்த மழ தாண்டல.”

வெளியே ஏதோ ஆலையின் சங்கு ஊதியது.

“இப்ப பேரைப் போட்டுடலாம்னு...” என்றேன்.

“யாரு பாக்க?”

“நீங்க.”

“எனக்குத்தான் படிக்கத் தெரியாதே.” என் கையிலிருந்த அட்டையை வாங்கி விசிறிக்கொண்டார். “போடு. போட்டுட்டு சொல்லி அனுப்பு. சீக்கிரம் போடு, எனக்கும் ஒடம்பு சொகமில்ல. வந்து பாப்பேன், பேருதான் போட்டியா, இல்ல இன்னோரு பாட்டு எய்தி வெச்சிட்டியான்னு.”

இது இன்னா இது?

என் திட்டம் எளிது. ‘மற்றும் ஒருவர்’ என்பதைத் தேய்த்துவிட்டு, அந்த இடத்தில் ‘போதும்பொண்ணு’ என்று வெட்டுவது. ராயபுரத்திலிருந்து கல் வேலை செய்பவரை அழைத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். ஏழுமலையிடம் முன்பே எல்லாவற்றையும் சொல்லி ஒப்புக்கொண்டிருந்தேன். அவர் என்னை நம்ப மறுத்தார். “நீங்கள்லாம் பொய் சொல்ல மாட்டீங்க சார்” என்று எனக்கே ஆறுதல் சொன்னார்.

கல் தச்சர் மெஷினை எடுத்ததும் தனம் ஓடி வந்து குறுக்கே நின்றார்.

“இன்னா பண்றீங்க?”

சொன்னேன். இறந்த பெண், அவர் பெயர், என் பொய், எல்லாம். அதற்குள் பத்துப் பதினைந்து பெண்கள் கூடிவிட்டார்கள்.

“நல்லா போடு சார், பாவம். ஆனா எங்க வூட்டுக்காரர அயிச்சிட்டு எங்க போடுவ?”

“எங்க அண்ணன?”

“மற்றும் ஒருவர்ல கைய வெச்ச, அவ்ளோதான்” என்றார் வயதான ஒருவர். என்னைத்தான் பார்த்துச் சொன்னார்.

நான் கல்லைப் பார்த்தேன். “வேற இடம் இல்லையேம்மா” என்று என் வாயிலிருந்து வந்தது. சத்தியமாக, அதே சொல்.

தனம் கீழே குனிந்து முந்தானையால் அடிப்பகுதியைத் துடைத்தார். “இந்தாண்ட எம்மாம் எடம் கீது! இது இன்னா இது?”

“அது சாரோட பாட்டு” என்றார் ஏழுமலை பதறி. “அத்த எடுத்தா கல்லுக்கே மதிப்பு பூடும்.”

“ஏழுமலை, அதுல ஒரு வரி சொல்லு” என்றேன்.

அவர் தலையைச் சொறிந்தார். “இன்னாமோ தூய தமிழ் சார். நல்லா இருக்கும்.”

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பரிகாரம் செய்யக் கிளம்பிய அந்தக் காலையிலும், வெண்பாவை எடுக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. செய்த தப்புக்கு வருந்துவதற்கும் அந்தத் தப்பால் கிடைத்ததை விட்டுவிடுவதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று, அந்தக் கல்லின் முன் நின்றபோதுதான் தெரிந்தது.

“பாட்டை எடுத்துடுங்க” என்று தச்சரிடம் சொன்னேன். “கீழ இருக்கற பேரையும்.”

வாரக்கணக்கில் அசை பிரித்து, தளை பார்த்து எழுதியது. வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் மெஷின் தின்று முடித்தது. வெள்ளைப் புழுதி என் சட்டையெல்லாம் படிந்தது. வழவழப்பான அந்த அகன்ற இடத்தின் நடுவில், கல்லிலேயே பெரிய எழுத்தாக ‘போதும்பொண்ணு’ என்று வெட்டினார். யாரும் சிரிக்கவில்லை. “எங்க பாட்டிக்கும் இந்தப் பேருதான்” என்றார் ஒரு பெண்.

அதன் பிறகு

சாலைப் பணிக்கு வந்த பொறியாளர் ஒருவர் கல்லைப் பார்த்துவிட்டு, முன்பு எடுத்த படத்தில் ஒரு பெயர் குறைவாக இருந்ததே என்று கேட்டாராம். “ஒருத்தரு வரதுக்கு லேட் ஆயிடுச்சு சார்” என்று ஏழுமலை பதில் சொன்னாராம். தமிழ் அறிந்த நண்பர் ஒருவர் மட்டும் வெண்பா போய்விட்டதே என்று வருந்தினார். எந்த வெண்பா என்று கேட்டேன். பேச்சை மாற்றினார்.

சரோஜாவுக்குச் சொல்லி அனுப்பினேன். உடல் சுகமில்லை என்று இரண்டு முறை பதில் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மகனுடைய ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் மல்லிகைப் பூ.

“எதுடா எங்கம்மா?” என்று மகனிடம் கேட்டார். மகன் என்னைப் பார்த்தார். நான் அவர் விரலைப் பிடித்து முதல் எழுத்தின்மேல் வைத்தேன். அவர் என் கையை விலக்கிவிட்டு, தானே கடைசி எழுத்துவரை தடவிக்கொண்டு போனார்.

“எவ்ளோ பெருசா எய்தி கீற! எங்கம்மா இம்மாம் பெரிய ஆளு இல்லன்னு பெரியம்மா சொல்லும்.”

பூவை அங்கே வைக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார்.

“பேரு வந்துச்சு வாத்யாரே. நல்லதுதான். பெரியம்மா கேக்க வேண்டிய மன்னிப்ப யாரு கேக்கறது?”

நானும் மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தேன். எனக்கு முன்னால் வரிசையில் பெரியம்மா இருந்தார்.

“பெரியம்மா போட்டோ எதனா வெச்சிகீறியாக்கா?” என்று தனம் கேட்டார்.

“அந்தக் காலத்துல ஏது போட்டோ?”

“அப்ப மேல வெச்சிடு. மற்றும் ஒருவர் எல்லாருக்கும் பொதுதான். உங்க பெரியம்மாவும் இருந்துட்டு போட்டும். தங்கச்சி தோ கீழயே கீறா. அவங்களே பேசிப்பாங்க.”

சரோஜா பூவை இரண்டாகக் கிள்ளினார். ஒரு பாதியை அம்மாவின் பெயருக்குக் கீழே வைத்தார். மறு பாதியை மேலே வைக்க எட்டினார், கை எட்டவில்லை. மகன் தாங்கிப் பிடித்தார்.

நான் உதவலாம் என்று பக்கத்தில் போனேன்.

“நீ அந்தாண்ட தள்ளு வாத்யாரே” என்றார் திரும்பாமலே. “வெளிச்சத்த மறைச்சிக்கினு நிக்கிற.”

தள்ளி நின்றேன்.